ஜன்னல் பக்கம் திருப்பிய முகம்

உமேஷை எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும். என் அப்பா தொட்டையன் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது அவரைக் கவனித்துக்கொள்ள வந்தவர். வேலைக்குச் சேரும் முன்பே, எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, தன்னைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சொன்னார். அன்று சொன்னது நாலைந்து வாக்கியம்தான். மீதியைப் பின்னால் வந்த மாதங்களில், அப்பா தூங்கும் மத்தியான நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு ஊர் மார்டள்ளி. எங்கள் சொந்த ஊரிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம்தான், ஹனூரைத் தாண்டிப் போக வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பத்தொன்பது வயதில் பெயிண்டர் கோஷ்டி ஒன்றோடு மைசூர் வந்தார். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடிக்கிற வேலை. பதினாலு வருஷம் அதைச் செய்தார். வீட்டுக்காரர் பழைய சுவரைக் காட்டி "இதே கலர் வேணும்" என்றால், கடைக்குப் போய் ஷேட் கார்டில் நிற மாதிரிகளைப் புரட்டாமல், டப்பாவில் நேரடியாகக் கலந்து கொண்டுவந்து விடுவாராம். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. கோஷ்டியில் அவருக்கு அதற்காக ஒரு மரியாதை இருந்தது.

விஜயநகரில் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வெளிச்சுவர் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தார். கணுக்கால் நொறுங்கிப்போனது. கால் கூடிய பிறகும் ஏணியில் நாலு படிக்கு மேல் ஏற உடம்பு மறுத்தது. தான் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலேயே வார்டு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளியைக் குளிப்பாட்டுவது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, படுக்கை விரிப்பை ஆளை எழுப்பாமல் மாற்றுவது எல்லாம் அங்கே கற்றதுதான். ஆறேழு வருஷம் கழித்து ஒரு ஏஜென்சி மூலமாக வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். கேசரேயில் வாடகைக்கு ஒரு வீடு. மனைவி மாதேவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள்.

அப்படிப் போன நாலாவது வீடு ஒண்டிக்கொப்பலில் நரசிம்மமூர்த்தி சாருடையது. மேல்கோட்டையிலிருந்து எப்போதோ வந்து மைசூரில் நிலைத்துவிட்ட ஐயங்கார் குடும்பம். சார் கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் மனைவி சத்யபாமா அம்மாவுக்கு எழுபது வயது. மகள் அபூர்வாவுக்கு முப்பத்தொன்று. அபூர்வா ஓவியம் படித்தவர். மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைவதற்கு வகுப்பு நடத்தினார். கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் சிலர், ஒரு பல் டாக்டர், இரண்டு மூன்று குடும்பப் பெண்கள் வருவார்கள்.

ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டரை வரை சத்யபாமா அம்மா கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டுவார். அந்த நேரம் உமேஷுக்கு ஓய்வு. அபூர்வா கேட்டார் என்று படம் வைத்து வரையும் ஸ்டாண்டுகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவர், வேலை முடிந்தும் கதவோரம் நின்றிருக்கிறார். பல் டாக்டர் ஒரு கன்னத்துக்கு நிறம் கலந்து கலந்து தோற்றுக்கொண்டிருந்தார். ரோஜா நிறமாகவே வந்துகொண்டிருந்தது.

"இதுல துளியூண்டு பச்சை போட்டா அடங்கிருமுங்க," என்றார் உமேஷ். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அபூர்வா பச்சையைத் தொட்டுக் கலந்து பார்த்தார். கன்னம் கன்னமாக மாறியது. திரும்பி உமேஷைப் பார்த்து, "அடுத்த வாரத்திலிருந்து நீங்களும் உக்காருங்க," என்றார்.

"எனக்கெங்கீங்க இதெல்லாம்."

"ஏன் ஆகாது? சும்மா உக்காருங்க. ஒரு ஸ்டாண்டு காலியாத்தான் இருக்கு, இல்லையா?"

அந்த வகுப்பில் ஒரு விதி இருந்தது. முதல் வருஷம் யாரும் சொந்தமாக எதுவும் வரையக் கூடாது. பழைய காலத்து ஓவியம் ஒன்றின் அச்சுத் தாளைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, அதை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே பார்த்து வரைய வேண்டும். உமேஷுக்குக் கிடைத்தது ஒரு கிழவரின் முகம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஹாலந்தில் வரைந்தது. வரைந்தவர் யாரென்று தெரியாது என்று தாளின் அடியில் போட்டிருந்தது. கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைத் துணி. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது, கிழவர் அந்த வெளிச்சத்தின் பக்கம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறார்.

"காப்பி அடிக்கறதுல என்னங்க இருக்குது?" என்று உமேஷ் கேட்டிருக்கிறார்.

"நீங்களா வரைஞ்சா உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் வரைவீங்க. இதைப் பார்த்து வரைஞ்சா, அந்த ஆள் எதை எதை கவனிச்சார்னு ஒண்ணொண்ணா தெரிய வரும்," என்றார் அபூர்வா.

ஜூன் மாதம் ஆரம்பித்தார். தாளிலும் கான்வாஸிலும் கட்டம் போட்டு முதலில் உருவத்தைப் பென்சிலில் இறக்கினார். பிறகு பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, நிழல்களை மட்டும் போட்டார். நிறம் கிடையாது, இருட்டும் வெளிச்சமும்தான். அது காய ஒரு வாரம். அடுத்த பூச்சுக்குக் கொஞ்சம் எண்ணெய், அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். சுவரில் ஒரே நாளில் இரண்டு கோட் அடித்தவருக்கு இந்தக் காத்திருப்பு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது. வாரம் பூராவும் நெற்றியில் ஒரு சுருக்கத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பாராம். "வயித்துக்கில்லாம நான் செஞ்ச ஒரே வேலை அதுதானுங்க," என்று என்னிடம் சொன்னார்.

செப்டம்பர் முடிவதற்குள் நெற்றி, மூக்கு, தாடி, கழுத்துத் துணி எல்லாம் வந்துவிட்டன. பல் டாக்டர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் கண் வரவில்லை. எத்தனை தடவை துடைத்துவிட்டுப் போட்டாலும், கண்ணாடிக் கண்ணை ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

"கண்ணை வரையாதீங்க. கண்ணு உக்காந்திருக்கற குழியை வரைங்க," என்றார் அபூர்வா.

குழி அச்சுத் தாளில் வெறும் இருட்டாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் அச்சு மையின் புள்ளிகள்தான் தெரிந்தன. உமேஷ் வீட்டில் கண்ணாடி முன் நின்று தன் கண்ணைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதுக் கண்ணில் குழி ஏது?

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலை, பதினோரு மணி வாக்கில், சாரை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார். முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தார். அந்தப் பக்கம் ஜன்னல். வெளிச்சம் சாரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. முகம் முக்கால்வாசி திரும்பியிருந்தது. இளைத்துப்போன முகம், புருவ எலும்புக்குக் கீழே குழி, குழிக்குள் இமை, இமைக்கு மேலே ஒரு மெல்லிய சாம்பல் பச்சை, மூக்கை ஒட்டிய மூலையில் கொஞ்சம் சிவப்பு. தாளில் இருட்டாக இருந்ததெல்லாம் இங்கே திறந்து கிடந்தது.

சமையல்கட்டில் கணக்கெழுதும் சிறிய நோட்டிலிருந்து ஒரு வெற்றுத் தாளைக் கிழித்து, பென்சிலால் குறித்துக்கொண்டார். அன்று அவ்வளவுதான். பத்து நிமிஷம்.

படுக்கையிலேயே கிடக்கும் ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போட வேண்டும். வலம், மல்லாக்க, இடம். இல்லாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் செத்துப் புண்ணாகிவிடும். சாருக்குக் காற்று மெத்தை உண்டு, ஆனாலும் திருப்பியாக வேண்டும். கட்டில் கால்மாட்டில் ஒரு நோட்டுத் தொங்கும். மணி, எந்தப் பக்கம், டிக். உமேஷ் அந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் ஒரு டிக் தவறியதில்லை. அவர் அதை எண்ணிப் பெருமைப்பட்டதும் உண்டு.

ஜன்னலில் நல்ல வெளிச்சம் பதினொன்றரைக்கு மேல்தான் வரும். அந்த மாதம் மேகமூட்டம் வேறு. சில நாள் ஒரு மணிக்குத்தான் வெளிச்சம் தெளிந்தது. ஒரு மணிக்கு சாரை மல்லாக்கப் போட வேண்டும். உமேஷ் போடவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம், அரை மணிதானே என்று நினைத்தார். அரை மணி ஒன்றரை மணியானது. சத்யபாமா அம்மா சாப்பிட்டுவிட்டு உள்ளே சற்றுப் படுத்திருக்கும் நேரம் அது. நோட்டில் மட்டும் ஒரு மணிக்கு நேராக டிக் போட்டுவிட்டார்.

மறுநாள் ஆறேழு சின்ன அட்டைத் துண்டுகளில் நிறம் கலந்து பூசிக் கொண்டுவந்தார். பழைய வேலையின் ஷேட் கார்டு மாதிரி. ஒவ்வொன்றாக சாரின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். எது ஒட்டுகிறது, எது தள்ளி நிற்கிறது என்று. சாரின் இடக் கண் அட்டையோடு கூடவே நகர்ந்ததாம்.

"அவருக்கு எல்லாம் புரியும். நான் என்ன பண்றேன்னும் புரிஞ்சிருக்கும்," என்றார் உமேஷ் என்னிடம்.

இப்படி மூன்று வாரம். தினமும் இல்லை, வாரத்தில் நாலு நாள், ஐந்து நாள். அதில் ஒரு நாளை உமேஷால் மறக்க முடியவில்லை. அன்று சார் முனகினார். பேச்சு இல்லாவிட்டாலும் தொண்டையிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். தண்ணீருக்கும் அதுதான், உடம்பு வலிக்கும் அதுதான். மேல் இமையின் நிழல் கண்ணின் வெள்ளையில் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் உமேஷுக்குப் பிடிபட்டுக்கொண்டிருந்தது. கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை, மேல்பாதி முழுக்கச் சாம்பல் என்று.

"இருங்க சார். ஒரே நிமிஷம்," என்றார்.

சார் மறுபடி முனகினார். மூன்றாவது தடவையும். உமேஷ் ஒவ்வொரு தடவையும் "ஒரே நிமிஷமுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சார் முனகவில்லை. உமேஷ் மணியைப் பார்த்தபோது இரண்டே முக்கால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண் வந்துவிட்டது. அபூர்வா ஸ்டாண்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்படிங்க இது? தாள்ல இதெல்லாம் இல்லவே இல்லையே."

"கண்ணாடியில என் கண்ணைப் பாத்துப் போட்டனுங்க," என்றார் உமேஷ்.

அவ்வளவு ஓவியம் படித்த பெண், தன் அப்பாவின் கண்ணை அடையாளம் காணவில்லையா என்று நான் கேட்டேன். கழுத்துத் துணியும் தாடியும் கறுப்பு அங்கியுமாக இருந்த முகத்தில் அவர் அதைத் தேடவில்லை, நோய்க்குப் பிறகு அப்பாவின் முகத்தை அவர் நேருக்கு நேர் பார்ப்பதும் குறைவு என்றார் உமேஷ்.

இரண்டு நாள் கழித்து, உடம்பு துடைக்கும்போது, வலது இடுப்பெலும்பின் மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சிவப்பைப் பார்த்தார். வார்டில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த விஷயம்: விரலால் அழுத்திப் பார், வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே ஆரம்பித்துவிட்டது. அழுத்தினார். வெளுக்கவில்லை. அந்தப் பக்கம் சாருக்கு உணர்ச்சி குறைவு. அப்படியும் முனகியிருக்கிறாரே என்று அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லியிருக்கோணும். சொன்னா நோட்டைப் பாப்பாங்க. நோட்டுல எல்லாம் சரியா இருக்கும். அப்ப எப்படி வந்துச்சும்பாங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொல்லலீங்க."

மருந்து தடவினார். வலப்பக்கம் படுக்கவைப்பதையே நிறுத்தினார். இரண்டு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினார். பென்சிலைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் தோல் கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு மறைக்க முடியாது. சத்யபாமா அம்மாவிடம் போய், "சாருக்குப் படுக்கைப் புண் வந்துருச்சுங்கம்மா," என்றார்.

டாக்டர் வந்தார். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுக் கால்மாட்டு நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம். "இவ்வளவு ஒழுங்கா பாத்தும் வந்திருக்கு. உடம்பு இப்படி இளைச்சிருந்தா என்ன செஞ்சாலும் வரும்மா. இவர் மேல தப்பே இல்ல. இந்த மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்," என்றார்.

உமேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினாறு நாள் இருந்தார் சார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. போய்விட்டார். புண்ணால்தான் போனார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. புண்ணால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இதை உமேஷ் ஒவ்வொரு தடவையும் இதே வரிசையில்தான் சொல்வார். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார்.

பதின்மூன்றாம் நாள் வைதிகக் காரியம் முடிந்து, வந்த உறவினர்கள் முன்னால் சத்யபாமா அம்மா அவருக்கு வேஷ்டி வைத்துக் கொடுத்தார். "எங்காத்து மனுஷா பண்ணமாட்டா இவன் பண்ணினதை. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லே," என்று எல்லாரிடமும் சொன்னார். உமேஷ் இலையில் உட்கார்ந்து, பரிமாறியதைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். மாடிக்குக் கூப்பிட்டு அபூர்வா, "படம் காஞ்சு போச்சு. மனசு வர்றப்போ வந்து முடிச்சிடுங்க. ஒரு பூச்சுதானே பாக்கி," என்றார். உமேஷ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஏஜென்சி வேறு வீட்டுக்குக் கூப்பிட்டது. உடம்பு சரியில்லை என்று ஒரு மாதம் போகவில்லை. மாதேவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். கடைசியில் அவரிடம்தான் முதலில் சொன்னார். "போயிச் சொல்லீட்டு வாங்க," என்றார் மாதேவி. "என்ன வேண்ணாலும் சொல்லீட்டுப் போகட்டும். நீங்க இப்படி உக்காந்திருக்கறதுக்கு அது தேவலை."

காற்று மெத்தையை ஒரு ஆசிரமத்துக்குக் கொடுக்க வேண்டும், வந்து கழற்றித் தர முடியுமா என்று சத்யபாமா அம்மாவே ஒரு நாள் போன் செய்தார். உமேஷ் போனார். மெத்தையைக் காற்று இறக்கிச் சுருட்டி வைத்தார். காப்பி வந்தது. டம்ளரைத் தொடாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல் வெளிச்சம், பென்சில், அட்டைகள், பொய் டிக், முனகல், சிவப்பைப் பார்த்தும் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

சத்யபாமா அம்மா நாற்காலியின் கையைப் பிடித்தபடி கேட்டார்.

"எத்தனை தடவை முனகினார்?"

"மூணுங்கம்மா."

"மூணு தடவை. அவர் யாரையும் ரெண்டாம் தடவை கூப்பிடமாட்டார் தெரியுமோ? என்னையே கூப்பிட்டதில்லே. முதல் தடவையிலே வந்தா வரது, இல்லேன்னா தானே எழுந்து போயிடுவார்."

உமேஷ் அழுதுவிட்டார். "என்னை மன்னிச்சிருங்கம்மா."

"நிறுத்து," என்றார் அவர். குரல் உயரவில்லை. "நீ சொல்லிட்டே. உனக்குப் பாரம் குறைஞ்சுடும். நான் இதை எங்கே கொண்டு போய் வைப்பேன்? நன்னாப் பாத்துண்டான், நன்னாப் பாத்துண்டான்னுதான் நான் இத்தனை நாள் மனசைத் தேத்திண்டேன். அதையும் எடுத்துண்டுட்டே."

இது உமேஷ் எதிர்பார்க்காதது. திட்டு, போலீஸ், ஏஜென்சியில் புகார் எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தார். சொன்னதே இன்னொரு தப்பாகும் என்று நினைக்கவில்லை.

அவர் வாசல் தாண்டும்போது சத்யபாமா அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். "உனக்குத் தெரிஞ்ச வேலை இது. செய்யாதேன்னு சொல்லமாட்டேன். ஆனா இனிமே எந்த ஆத்துக்குப் போனாலும், உள்ளே நுழையறதுக்கு முன்னே இதைச் சொல்லு. அவா வேண்டாம்னா திரும்பி வந்துடு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அபூர்வாவிடமிருந்து ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "அம்மா சொன்னாங்க," என்றார். "கண்ணாடில பார்த்தேன்னு என்கிட்ட சொன்னீங்க. நான் அதை நம்பி கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். தினம் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போறேன், உமேஷ். அப்பான்னு எனக்கே தெரியல. ஏன் தெரியலன்னுதான்..." முடிக்கவில்லை. "வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க இருக்க வேண்டாம்."

உமேஷால் போக முடியவில்லை. பல் டாக்டர்தான் தன் காரில் கொண்டுவந்து கேசரேயில் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் அவர்கள் வீட்டில், பழைய போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சுவரில் மாட்ட மாதேவி சம்மதிக்கவில்லை. தூக்கிப்போடவும் சம்மதிக்கவில்லை. "அது ஒரு மனுஷனோட கண்ணு," என்றாராம்.

இதையெல்லாம் சுருக்கிச் சொல்லிவிட்டுத்தான், போன வருஷம் பிப்ரவரியில், மைசூர் ஹெப்பாளில் எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றார். அதற்கு முன் இரண்டு வீட்டில் சொல்லி, இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் மனைவி தீபா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? அவரே சொல்றார், ஆளைக் கொன்னுட்டேன்னு."

"கொன்னேன்னு சொல்லல."

"வேற என்னவாம்?"

அப்பாவைப் பார்த்துக்கொள்ள இவருக்கு முன் வந்த இரண்டு ஆட்களும் தங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஒருவன் அப்பாவை நனைந்த துணியிலேயே அரை நாள் விட்டிருந்தான். நானும் ஒன்றும் யோக்கியனில்லை. அப்பா குளியலறையில் விழுவதற்கு முன் "வழுக்குது, பாய் ஒண்ணு போடுடா" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் போடவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நின்ற ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்யபாமா அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கி போன் செய்தேன். "சொன்னானா?" என்றார். சொன்னார் என்றேன். "முழுக்கச் சொன்னானா? நோட்டு, முனகல் எல்லாம்?" ஆமாம் என்றேன். "சரி. வேலை நன்னாப் பண்ணுவான்," என்று வைத்துவிட்டார்.

உமேஷ் வந்தார். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஹனூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் ராகி விதைத்துக்கொண்டிருந்தவர், உடம்பு கிடந்தாலும் வாய் கிடக்காது. உமேஷ் திருப்பும்போதெல்லாம் திட்டுவார். "இப்பத்தானேடா பொரட்டுன. மறுக்காவும் பொரட்டறயே, நான் என்ன தோசையா?" உமேஷ் பதில் சொல்லாமல் திருப்புவார். நாலு மாதத்தில் ஒரு சிவப்பு வரவில்லை. ஐந்தாம் மாதம் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தீபா அன்று பாயசம் வைத்தாள். உமேஷுக்கும் கொடுத்தாள். அதுவரை அவள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா எழுந்த பிறகும் துணைக்கென்று உமேஷ் பகலில் வந்துகொண்டிருந்தார். அப்பாவுக்கும் விஷயம் தெரியும், நான்தான் சொன்னேன். ஒரு நாள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உமேஷிடம் கேட்டார்:

"நீ மூஞ்சி எழுதுவியாமா?"

"இப்ப இல்லீங்க ஐயா."

"எம் மூஞ்சிய எழுது."

"வேண்டாங்க."

"ஏன்டா, எம் மூஞ்சிக்கு என்ன கேடு?"

உமேஷ் என்னைப் பார்த்தார். அப்பா விடுகிற ஆள் இல்லை. ஒரு வாரம் தொணதொணத்தார். கடைசியில் உமேஷ் என் மகளின் டிராயிங் நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நெற்றியில் இரண்டு கோடு போட்டார். அப்பா ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார், பிறகு "வெயிலு ஏறுது" என்பார், எழுந்துவிடுவார். அடுத்த நாள் மூக்கு வரை வந்தபோது யாரோ கேட்டைத் தட்டினார்கள், எழுந்துவிட்டார். உமேஷ் ஒரு தடவைகூட "உட்காருங்க" என்று சொன்னதில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாக்கரை நீட்டுவார்.

நேற்று வரை அப்படித்தான். நேற்றுக் காலை புருவத்துக்குக் கீழே வந்திருந்தார். பக்கத்து வீட்டு மோட்டார் நிற்காமல் ஓடி, தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் வழிந்தது. அப்பா, "தண்ணியக் கொட்டறானுக பாரு, கேக்க ஆளில்ல," என்று கத்திக்கொண்டே வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட்டுப் பக்கம் போனார். உமேஷ் நோட்டை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் நீட்டியபடி, கூடவே நடந்தார்.